லெவ்கே திசாவையின் பீரங்கியும் லயக் காம்பராவும்

கேள்வி

கருமருந்து இட்டுச் சுடும் சிறு பீரங்கியைச் சொந்தமாக வைத்திருப்பதும், ஓய்வு நாளில் அதைச் சுட்டு மகிழ்வதும் சில நாடுகளில் சட்டம் ஏற்றுக்கொண்ட பொழுதுபோக்கு. கை நீளக் குழல் ஒன்று, அதைத் தாங்கும் மரவண்டி, ஒரு துண்டுத் திரி, அளந்து எடுத்த மருந்து. கருவி இவ்வளவுதான். அமெரிக்காவில் 1950இல் தொடங்கப்பட்ட நோர்த்–சவுத் ஸ்கர்மிஷ் சங்கம், வர்ஜீனியாவின் வின்செஸ்டர் நகருக்கு அருகே தனக்கெனச் சுடுதளம் வைத்து, உள்நாட்டுப் போர்க்கால முறைப் பீரங்கிகளால் இலக்குச் சுடும் போட்டிகளை நடத்திவருகிறது. ஜெர்மனியின் பவேரியா மலைக்கிராமங்களில் திருமணத்துக்கும் திருநாளுக்கும் குண்டில்லாச் சிறு பீரங்கிகள் முழங்குகின்றன.

இலங்கை மலையகத்தின் தேயிலைப் பள்ளத்தாக்கான அக்கரப்பத்தனையில் வாழும் ஒருவர் இதைச் சட்டப்படி செய்யலாமா என்பது இக்கட்டுரையின் கேள்வி. விடை சிறியது: இன்றைய நிலையில் முடியாது. ஏன் முடியாது என்று கேட்டால்தான் விடயம் விரிகிறது.

வழக்கமாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. 1971இலும் 1987–89 காலத்திலும் நிகழ்ந்த கிளர்ச்சிகளும், வடக்கு கிழக்கில் மூண்ட போரும் நாட்டின் ஆயுதச் சட்டங்களை இறுக்கிவிட்டன, அதனால் பொழுதுபோக்குக்கு இடமில்லாமல் போயிற்று என்பது ஒன்று. பீரங்கி என்பதே வெள்ளைக்காரன் கொண்டுவந்த பொருள், நமக்கும் அதற்கும் என்ன உறவு என்பது மற்றொன்று. முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதை வரலாறு ஏற்கவில்லை. இரண்டுமே நிலம் யாருடையது என்ற கேள்வியைத் தொடாமல் கடந்துவிடுகின்றன. மலையகத்தைப் பொறுத்தவரை அதுதான் முதன்மையான கேள்வி என்பது என் வாதம்.

மலைநாட்டின் சிறு பீரங்கிகள்

இரண்டாவது விளக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தேயிலையும் கோப்பியும் வருவதற்கு முன்பே இந்த மலைநாட்டுக்குச் சிறு பீரங்கி பழக்கமான பொருள். கண்டி இராச்சியத்தின் படைகளிடம் கொடித்துவக்கு என்றொரு கருவி இருந்தது. மரக்கால்களின்மேல் நிற்கும் சிறிய குழல் அது. ஆட்கள் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் ஏறிவிடலாம். ஐரோப்பியப் படைகள் சக்கர வண்டியில் பீரங்கியை இழுத்துக்கொண்டு கணவாய்களில் திணறியபோது, கண்டிப் படையினர் இதை மேட்டில் நிறுத்திச் சுட்டார்கள். கால்களை விரித்து நிற்கும் கோலத்தைக் கண்டு ஆங்கிலேயர் அதை வெட்டுக்கிளித் துவக்கு என்று அழைத்தனர். அரசனின் சேவைப் பிரிவுகளில் கொடித்துவக்குக்கென்று தனிப் பிரிவே இருந்தது. அந்தப் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்ட சிங்களவர் இன்றும் இருக்கிறார்கள். பி.ஈ.பி. தெரணியகல 1942இல் சிங்கள ஆயுதங்கள் பற்றி எழுதிய ஆய்வு இந்தத் துறையில் இன்னமும் தவிர்க்க முடியாத தொடக்கம்.

மருந்தும் வெளியிலிருந்து மட்டும் வந்ததல்ல. 1816 முதல் 1820 வரை இலங்கையில் பணியாற்றிய மருத்துவர் ஜோன் டேவி, 1821இல் வெளியிட்ட நூலில் மலைநாட்டின் வெடியுப்புக் குகைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வௌவால்கள் அடைந்த குகை மண்ணிலிருந்து வெடியுப்பைக் கரைத்தெடுத்து, கரியும் கந்தகமும் சேர்த்து மருந்து செய்யும் தொழில் கண்டியரிடம் இருந்தது.

இவையெல்லாம் போர்க் கருவிகள், பொழுதுபோக்கு எங்கே என்று கேட்கலாம். அதற்கு விடையாக ஒரு பொருள் கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. லெவ்கே திசாவையின் பீரங்கி என்று அறியப்படும் அது ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமானது. ஐரோப்பியப் பாணியில் அமைந்த வெண்கலக் குழல். அதன்மேல் வெள்ளியும் பொன்னும் வேய்ந்து, மாணிக்கக் கற்கள் பதித்து, கண்டி அரசின் சின்னங்களான சூரியன், பிறை, சிங்கம் ஆகியவற்றைச் செதுக்கியிருக்கிறார்கள். இத்தனை அலங்காரத்துடன் ஒன்றை யாரும் சேற்றில் இழுத்துச் சென்று போரிடமாட்டார்கள். முறைப்படி குழலும் வண்டியும் கொண்ட பீரங்கிதான் அது, ஆனால் அதன் வேலை அரசவையில் கண்ணில் படுவது. இன்றைய பொழுதுபோக்காளன் தன் வரவேற்பறையில் வைக்கும் சிறு பீரங்கிக்கு மிக நெருங்கிய பழைய உறவு அது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. வேறுபாடு, அது அரசனுக்கு மட்டும் உரியது.

1745ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டிப் பிரபுவான லெவ்கே திசாவை இதை அரசனுக்குக் காணிக்கையாக்கினார். பெற்றவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் (1739–1747). மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியில் கண்டி அரியணை ஏறிய முதல் மன்னர் அவர். இந்தப் பீரங்கியைப் பற்றிய பேச்சு சிங்களவருக்கும் ஒல்லாந்தருக்கும் இடையிலான விவகாரமாகவே நடந்துவருவதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பீரங்கி எப்படிக் கடல் கடந்து நெதர்லாந்துக்குப் போனது என்பதில் நெடுங்காலம் தெளிவில்லை. அங்கே அது பரிசுப் பொருளாகவும், வேறு எங்கோ பிடிபட்ட போர்ப் பொருளாகவும் பலவாறு விளக்கப்பட்டு வந்தது. கண்டியில் எடுக்கப்பட்டது என்ற விளக்கமும் அவற்றில் ஒன்றாகவே இருந்தது. 1765 பெப்ரவரியில் ஆளுநர் லுபர்ட் யான் வான் எக் தலைமையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் படை கண்டிக்குள் புகுந்தது. அப்போதைய மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் தலைநகரை விட்டு விலகியிருந்தார். அரண்மனை சூறையாடப்பட்டது. அலிசியா ஸ்ரிக்கர், டொரீன் வான் டென் போகார்ட் ஆகியோர் ஆவணங்களைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு, பீரங்கி அந்தச் சூறையில் எடுக்கப்பட்டதே என்ற முடிவுக்கு வலுவான ஆதாரம் தந்தது. 2023 ஜூலையில் நெதர்லாந்து அரசு அதைத் திருப்பித் தர முடிவெடுத்தது. பொன் வாள், வெள்ளி வாள், கத்தி, இரண்டு சுவர்த் துவக்குகள் ஆகியவற்றோடு அந்த ஆண்டின் இறுதியில் அது நாடு வந்து சேர்ந்தது. திரும்பிவந்த ஆறு பொருள்களும் ஆயுதங்கள். அரச மரியாதை எந்த வடிவத்தில் உறைந்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆக, நமக்கு அந்நியம் என்ற விளக்கம் நிற்காது. பிரித்தானியரோடு 1803இலும் 1815இலும் 1818இலும் நடந்த மோதல்களின் முடிவில் மலைநாடு ஆயுதம் களையப்பட்ட நாடானது. அதன் பிறகு வந்த கோப்பிக் காலத்தில் இந்த மலையில் துவக்குச் சத்தம் நிற்கவில்லை, சுடும் கை மாறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேறி, மரைகளை வேட்டையாடியதைப் பெருமையோடு நூலாக்கினார். பொழுதுபோக்காகச் சுடுவது என்ற எண்ணமே இந்த மலையில் அவர்களோடுதான் வேர்விட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கூலிகள்.

சட்டம் எதைப் பார்க்கிறது

இலங்கையில் சுடுகலன்களை இன்றும் ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அதற்கு முந்திய ஆண்டுதான் நாட்டில் சிங்கள–முஸ்லிம் கலவரம் நடந்தது. ஆகவே எல்லாத் தடையும் 1971க்குப் பிறகு வந்தது என்ற முதல் விளக்கத்தில் காலம் பொருந்தவில்லை. இறுக்கம் பின்னால் கூடியது உண்மை, 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்கவோ செய்யவோ இறக்குமதி செய்யவோ முடியாது என்ற அடிப்படை குடியேற்றக் காலத்தது. கருமருந்துக்கு வேறொரு சட்டம் இருக்கிறது: 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம். குழலுக்கு ஓர் அனுமதி, மருந்துக்கு இன்னோர் அனுமதி.

அனுமதி கேட்டு வருபவரிடம் இந்தச் சட்ட ஒழுங்கு கேட்பது ஒரே கேள்வி: எதற்கு? பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் மாவட்டச் செயலாளரிடம் போகலாம். தற்பாதுகாப்புக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சு. பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்பு வழியில்தான் இடியன் துவக்கு, அதாவது வாய்வழி மருந்திடித்துச் சுடும் நாட்டுத் துவக்கு, சட்டத்துக்குள் உயிர் வாழ்கிறது. கருமருந்துக்கும் சாதாரணக் குடிமகனுக்கும் இடையே இலங்கையில் எஞ்சியிருக்கும் சட்டபூர்வமான உறவு ஏறக்குறைய இது ஒன்றே. ‘பிடிக்கும் என்பதற்காக’ என்ற விடைக்கு இந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் வேறு கேள்வி கேட்கிறது: கருவி எவ்வளவு பழையது, எப்படிச் சுடுகிறது? 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவையும், அவற்றின் மாதிரியில் இன்று வார்க்கப்படும் வாய்வழிப் பீரங்கிகளும் பெரும்பாலும் ‘தொன்மைக் கருவி’ என்ற வகைக்குள் போய்விடுகின்றன. கூட்டாட்சி நிலையில் துப்பாக்கிக்குரிய கட்டுப்பாடுகள் அவற்றைத் தொடுவதில்லை. விளையாட்டுக்கும் பண்பாட்டு நிகழ்வுக்குமாக ஒருவர் 50 இறாத்தல் வரை கடைக் கருமருந்தை உரிமம் இல்லாமல் வாங்கலாம். வெடிக்கும் குண்டு இட்டால் சலுகை பறந்துவிடும். மாநிலச் சட்டங்களும் ஊர்த் தீயணைப்பு விதிகளும் இதற்கு மேலும் வரம்பு கட்டும். இருந்தாலும் தொடக்கப் புள்ளி, பழைய முறைக் கருவியால் ஆபத்துக் குறைவு என்ற நம்பிக்கை.

இங்கே ஒரு முரண். அமெரிக்காவில் பழமை ஒரு பீரங்கியை விடுவிக்கிறது. இலங்கையில் பழமை அதை இன்னோர் அதிகாரியிடம் ஒப்படைக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் அடிப்படை வரையறை, 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள்களைத் தொல்பொருள் என்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. தேயிலைச் சரிவில் கான் வெட்டும்போது ஒரு கொடித்துவக்குக் குழல் மண்வெட்டியில் தட்டுப்பட்டால், கண்டெடுத்தவருக்கு அது பொழுதுபோக்குப் பொருளாக ஒருபோதும் ஆகாது.

ஜெர்மனி மூன்றாவது வழி. அங்கே சட்டம் கருவியையும் ஆளையும் தனித்தனியே சோதிக்கிறது. விழாவுக்கு முழக்கும் சிறு பீரங்கியை ஐந்தாண்டுக்கு ஒரு முறை அரசுச் சோதனை நிலையத்தில் கொடுத்து முத்திரை பெற வேண்டும். சுடுபவர் பயிற்சி முடித்து, வெடிபொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவின்கீழ் தன் பெயரில் அனுமதி எடுக்க வேண்டும். குண்டு கிடையாது, முழக்கம் மட்டும். மூன்று முறைகளில் எனக்கு மிகவும் அறிவுபூர்வமாகத் தோன்றுவது இதுதான். கருமருந்து பழையது என்பதால் சாதுவானதல்ல. அடைத்த குழலுக்குள் அது எரியும் வேகத்துக்கு 18ஆம் நூற்றாண்டு என்றும் 21ஆம் நூற்றாண்டு என்றும் தெரியாது.

குடகு

நான்காவது எடுத்துக்காட்டு நமக்கு மிக அருகில் இருக்கிறது, மலையகத்தோடு ஒப்பிடவும் தோதானது. கர்நாடகத்தின் குடகு மாவட்டம் மலைநாடு, தோட்டப் பயிர் நாடு. தேயிலைக்குப் பதில் கோப்பி. 1857க்குப் பின் இந்தியர்களிடமிருந்து ஆயுதங்களைக் களைந்த பிரித்தானியர், 1861இல் ஆணையர் மார்க் கப்பன் வெளியிட்ட அறிவிப்பால் குடகருக்கு விலக்களித்தனர். சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழும் அந்த விலக்குத் தொடர்கிறது. கொடவ இனத்தவரும், ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உடையோரும் உரிமம் எடுக்காமல் துவக்கு வைத்திருக்கலாம். இந்தச் சலுகைக்கு எதிரான வழக்கை 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கைல்போது திருவிழாவில் துவக்குக்குப் பூ வைத்துப் பூசை நடக்கிறது. ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கிச் சுடும் வழக்கமும் இருந்து வந்திருக்கிறது.

இதைப் பண்பாட்டு உரிமை என்று கொண்டாடி எழுதுபவர்கள் உண்டு. எனக்குக் கண்ணில் படுவது வேறு. உரிமை பிறப்போடும் நிலத்தோடும் கட்டப்பட்டிருக்கிறது. அதே மலையில், அதே கோப்பித் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறிக்கும் குடும்பத்துக்கு அது கிடையாது, காட்டுப் பன்றி இருவரையும் ஒரே மாதிரி துரத்தினாலும்.

நிலமில்லாதவரும் துவக்கும்

அக்கரப்பத்தனைக்கு வருவோம். டயகமவைத் தொடர்ந்து, டொரிங்டன், பெல்மோரல், சந்திரிகாமம், ஹோல்புரூக், வேவர்லி என்று ஸ்கொட்லாந்தையும் இங்கிலாந்தையும் நினைவூட்டும் பெயர்களோடு இந்தப் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. ஆக்ரா ஓயா கீழே இறங்கிக் கொத்மலை ஓயாவாகிறது. டயகமவுக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி, 1988 முதல் தேசியப் பூங்கா. காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவே வேலி இல்லை. பன்றியும் முள்ளம்பன்றியும் மரையும் சிறுத்தையும் இரவில் இறங்குகின்றன. லயத்துக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, பின்னால் போட்ட உருளைக்கிழங்கையும் லீக்ஸையும் பன்றி ஓரிரவில் உழுதுவிட்டுப் போகும்.

பயிர்ப் பாதுகாப்பு என்ற காரணம் இங்கே கண்முன் நிற்கிறது. ஆனால் பத்திரம் கேட்டுப் போவதற்குத் தன் பெயரில் ஒரு காணி வேண்டும், பயிரிடுகிறேன் என்று காட்ட வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, தோட்டத்தின் நிலத்தில் தோட்டத்தின் லயத்தில் வாழ்ந்த ஒருவர் எந்தக் காணியைக் காட்டுவார்? பிரஜாவுரிமை பின்னர் கட்டம் கட்டமாகத் திரும்பியது. காணி திரும்பவில்லை. அண்மைக் கால வீடமைப்புத் திட்டங்கள் பலவற்றில் தரப்பட்டது 7 பேர்ச்சஸ், ஏறத்தாழ 177 சதுர மீற்றர். அதில் ஒரு வீடு கட்டலாம், முற்றத்தில் கொஞ்சம் கொத்தமல்லி போடலாம்.

எனவே சட்டபூர்வமான துவக்கு தோட்டத்தில் துரையின் பங்களாவோடும் காவலோடும் அரசோடும் நின்றது. தொழிலாளர் நினைவில் துவக்கு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தார். 1956இல் அக்கரப்பத்தனையின் டயகமவிலேயே வேலைநிறுத்தத்தின்போது ஏப்ரகாம் சிங்கோ சுடப்பட்டார். 1977 மே மாதம் தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பலியானார். மலையகத்தில் துவக்கை ‘பொழுதுபோக்கு’ என்று சொல்லித் தொடங்கும் எந்தப் பேச்சும் இந்த மூன்று பெயர்களைக் கடந்துதான் வர வேண்டும்.

சட்டவழி அடைபட்ட இடத்தில் களவுவழி திறக்கிறது. காட்டு விளிம்புகளில் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். மிருகம் கயிற்றில் இடறினால் குழல் தானாக வெடிக்கும். விறகுக்குப் போகும் மனிதர் இடறினாலும் அப்படியே. அது விலங்குக்காகக் கட்டிய, காவலில்லாத சிறு பீரங்கி. தேயிலை மலைகளில் இதைவிடப் பரவலானது கம்பிச் சுருக்கு. 2020 மே மாதம் நல்லதண்ணியில் லக்சபானத் தோட்டப் பகுதியில் பன்றிக்குக் கட்டிய சுருக்கில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கழுத்து மாட்டி, மீட்கப்பட்ட சில நாளில் செத்தது. பன்றியை விரட்டச் சட்டபூர்வமான சத்தம் ஒன்று கையில் இருந்திருந்தால் அந்தச் சுருக்குக் கட்டப்பட்டிருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இறைச்சி ஆசையும் அதில் உண்டு. ஆனால் மாற்று வழி ஒன்றும் இல்லை என்பது சுருக்குக் கட்டுபவரின் கையில் கிடைக்கும் நியாயமாகிவிடுகிறது.

காம்பராவுக்குள் மருந்து

சட்டம் நாளையே திறந்துவிடப்பட்டால் என்ன நடக்கும்? கருமருந்துப் பொழுதுபோக்குகள் எல்லாம் சொல்லாமல் ஒரு வீட்டை முன்னிறுத்துகின்றன. தனித்து நிற்கும் வீடு, பின்னால் கொட்டகை, பக்கத்து வீட்டுக்கு இடைவெளி. மேலைநாட்டு விதிகள் மருந்தை அதன் மூலப் பொதியிலேயே தடித்த மரப்பெட்டிக்குள், நெருப்புக்கும் வெப்பத்துக்கும் எட்டாமல் வைக்கச் சொல்கின்றன. பொறி கிளம்பக் கூடாதென்பதால் இரும்புப் பெட்டியை விட மரப்பெட்டி.

லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு சுவர் இரு குடும்பத்துக்குப் பொது. தகரக் கூரை லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே ஓட்டம். உள்ளே விறகடுப்பு, அடுப்புக்கு மேல் காய வைத்த விறகு, பக்கத்தில் பிள்ளையின் பாடப் புத்தகம். ஒரு காம்பராவில் பற்றிய தீ லயம் முழுவதையும் எரித்துவிட்டுப் போவது மலையகச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது. அங்கே அரை இறாத்தல் கருமருந்து என்பது ஒருவருடைய விருப்பம் ஆகாது. இருபது குடும்பங்களின் ஆபத்து.

வானிலையும் ஒத்துழைக்காது. கருமருந்து சுட்ட குழலில் படியும் கசடு ஈரத்தை இழுக்கும், உலோகத்தை அரிக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் துரு ஏறி, அடுத்த முறை எங்கே பிளக்கும் என்று தெரியாத குழலாகிவிடும். வெயில் நாட்டிலேயே இது கட்டாயம். நான்காயிரம் அடிக்கு மேல், வெளியில் போட்ட துணி மூன்று நாளாகியும் காயாத ஊரில் சொல்ல வேண்டியதில்லை.

சத்தம் மட்டும் போதுமென்றால்

பொழுதுபோக்கு என்ற சொல்லை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், சிறு பீரங்கி செய்யும் வேலைகளில் ஒன்று நம் வழக்கத்தில் உயிரோடு இருக்கிறது. மலையகத்திலிருந்து மாலை போட்டுச் சபரிமலைக்குப் போய் வந்தவர்கள் அங்கே வெடி வழிபாட்டைக் கேட்டிருப்பார்கள். பக்தர் பணம் கட்டுகிறார், பெயர் அறிவிக்கப்படுகிறது, சற்று நேரத்தில் மலை அதிர்கிறது. அந்த ஓசையின் கருவி கதினா: உரல் போன்ற சிறிய இரும்புக் குழல். கருமருந்தை இட்டு, மேலே செங்கல் தூள் வைத்து இடித்து இறுக்கி, அடியிலுள்ள துளையில் நெருப்பு வைப்பார்கள். குண்டு இல்லை என்பதைத் தவிர அமைப்பில் அது நேர்நிமிர்ந்து நிற்கும் பீரங்கி. தமிழ்நாட்டுக் கோயில் திருவிழாக்களின் அதிர்வேட்டும் இதே குடும்பம். தேர் நகரும்போது ஊருக்கு அறிவிக்கும் முழக்கம் அது.

இதில் நடந்த கேடுகளை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2016 ஏப்ரல் 10ஆம் நாள் கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில், மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்தும் நடந்த வாணவேடிக்கைப் போட்டியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2023 ஜனவரியில் சபரிமலை மாளிகைப்புறத்தில் வெடி வழிபாட்டுக்கான மருந்து வெடித்து ஊழியர்கள் காயமடைந்தனர், பின்னர் உயிரிழப்பும் நேர்ந்தது. முதலாவது போட்டி மனப்பான்மையும் மீறலும் விளைத்தது. இரண்டாவது அனுமதியோடு நடந்த இடத்திலேயே நேர்ந்தது. அனுமதிப்பத்திரம் ஒரு காகிதம், அது வெடிப்பை நிறுத்தாது என்பதற்கு இந்த இரண்டாவது நிகழ்வே சான்று.

முழுத் தடை மட்டும் பாதுகாப்புத் தருமா என்றால் அதற்கும் எதிர்ச் சான்று உண்டு. 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் போபாலிலும் சுற்று மாவட்டங்களிலும் பிளாஸ்டிக் குழாயில் காபைட்டும் நீரும் இட்டு வெடிக்கும் ‘காபைட் துவக்கு’ விளையாட்டுப் பொருளாக விலைபோயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், கண் காயங்களோடு மருத்துவமனைக்கு வந்தனர். சிலர் பார்வையை இழந்தனர். அங்கே சட்டம் தடைசெய்யாத மூலப்பொருள்களிலிருந்து எந்தச் சோதனைக்கும் உட்படாத பீரங்கி பிறந்தது. சத்தத்தின் மீது மனிதருக்குள்ள ஆசையைச் சட்டம் ஒழித்துவிட முடியாது, அதன் வழியை மாற்றலாம்.

முடிவு

பீரங்கியைத் தனிமனிதர் பொழுதுபோக்காக வைத்திருக்கும் உரிமையை மலையகத்துக்குக் கோர எனக்கு நியாயம் தெரியவில்லை. குண்டு பாயும் கருவி என்றால் அறவே இல்லை. மருந்தை வைக்க இடமில்லாத மக்களுக்கு மருந்து வாங்கும் உரிமையைத் தருவது சலுகை ஆகாது. காணியும் தனி வீடும் முதலில் வரட்டும்.

ஆனால் குண்டில்லா முழக்கத்துக்கு வேறு வழி யோசிக்கலாம். தோட்டக் கோயில் பரிபாலன சபை போன்ற ஒரு பொது அமைப்பின் பெயரில், சோதித்து முத்திரையிட்ட ஒரு கருவி. பயிற்சி பெற்ற இருவர் மட்டும் கையாள்வது. மருந்து லயத்துக்குள் வராமல் விழாவன்று மட்டும் பொலிஸ் பொறுப்பில் வந்து மீதி அன்றே திரும்புவது. பவேரிய முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது இந்தக் கருவிச் சோதனை. வெடிபொருட்கள் சட்டத்தின்கீழ் நீர்கொழும்புப் பக்கம் கிம்புலாப்பிட்டியில் பட்டாசு செய்வோருக்கு அனுமதி உண்டு. யானையை விரட்ட விவசாயிகளுக்கு யானைவெடி வழங்குகிறார்கள். பன்றியோடு வாழும் தேயிலை மலைக்கு அதற்கு ஒப்பான ஏற்பாட்டைக் கேட்பது வரம்பு மீறிய கோரிக்கை அல்ல. மலையகத் தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடும் காணியோடும் இதையும் பேச வேண்டும் என்பது என் கருத்து. வனவிலங்குத் திணைக்களம் தேசியப் பூங்கா எல்லையில் சத்தத்தை எதிர்க்கும், அந்த எதிர்ப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே டயகமவுக்குப் பொருந்தும் விதி ஹோல்புரூக்குக்கு அப்படியே பொருந்தாது.

கடைசியாக வாசகருக்கு ஒரு வேண்டுகோள். கான் வெட்டும்போதோ பழைய பங்களா இடிக்கும்போதோ வாயகன்ற பழைய குழல் ஒன்று கிடைத்தால் அதைத் தட்டிப் பார்க்காதீர்கள், உள்ளே கம்பி விட்டுக் குடையாதீர்கள், நெருப்பருகே கொண்டுபோகாதீர்கள். 2013 ஜனவரியில் நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 18ஆம் நூற்றாண்டுப் பீரங்கியொன்றைத் துப்புரவு செய்த ஊழியர்கள், அதற்குள் குண்டும் ஏறத்தாழ 800 கிராம் கருமருந்தும் இருப்பதைக் கண்டார்கள். அது பல ஆண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்த பீரங்கி. இடத்தை அடையாளம் வைத்துவிட்டு, பொலிஸாருக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் சொல்லுங்கள்.